மெடிக்கல் ஷாப் கவுன்ட்டருக்கு ஒரு மடல்

மருந்துக்கடை நடத்தும் அண்ணன்மாருக்கும், கவுன்ட்டரில் நிற்கும் தம்பி தங்கைகளுக்கும்,

அரசு மருத்துவமனை ஒன்றின் நம்பிக்கை மையத்தில் ஆலோசகராக இருக்கிறேன். எச்.ஐ.வி. பரிசோதனைக்கு வருகிறவர்களிடம் ரத்தம் எடுப்பதற்கு முன்னும் முடிவு வந்த பின்னும் உட்கார்ந்து பேசுவது என் வேலை. பேச்சுக்கு நடுவே, "இங்க வர்றதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது கேட்டீங்களா?" என்று கேட்பேன். வீட்டில் மூச்சு விட்டிருக்க மாட்டார்கள். நண்பனிடம் பாதி சொல்லியிருப்பார்கள். விடிய விடிய கூகுளில் தேடியிருப்பார்கள். ஆனால் ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்து முதலில் வாய் திறந்த இடம் எது என்றால், பெரும்பாலும் உங்கள் கடைதான். அதனால்தான் டாக்டர்களுக்கு எழுத வேண்டிய மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

அந்த ஆளை உங்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வருவார். கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்று போனை நோண்டிக்கொண்டிருப்பார். பாராசிட்டமால் ஒரு அட்டை கேட்பார். வாங்கிய பிறகும் நகர மாட்டார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அண்ணே, இன்ஃபெக்‌ஷன் வராம இருக்க ஏதாச்சும் மாத்திரை இருக்கா?" என்பார். "என்ன இன்ஃபெக்‌ஷன் தம்பி?" என்றால், "சும்மாண்ணே... வெளியூர் போயிருந்தேன்." அதற்குமேல் அவர் சொல்ல மாட்டார், நீங்களும் கிளற மாட்டீர்கள். உங்கள் கை பழக்கத்தில் அசித்ரோமைசின் பக்கம் போகும். கூடவே ஒரு வைட்டமின் அட்டை. அவரும் ஏதோ செய்தாகிவிட்டது என்ற தெம்பில் வீட்டுக்குப் போவார். ஐந்தாறு நாளில் அந்தத் தெம்பு கரைந்து, தூக்கம் கெட்டு எங்களிடம் வந்து நிற்பார். அதற்குள் செய்யக்கூடிய காரியத்துக்கான நேரம் தாண்டிப் போயிருக்கும்.

அசித்ரோமைசினைக் குறை சொல்லவில்லை. அது பாக்டீரியாவுக்கான மருந்து. எச்.ஐ.வி. ஒரு வைரஸ், அதை இது தொடாது. தொடக்கூடிய மருந்து வேறு இருக்கிறது. டெனோபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை. எச்.ஐ.வி. உள்ளவர்கள் கூட்டு மருந்தாகத் தினமும் எடுத்துக்கொள்வதும் பெரும்பாலும் இதைத்தான். அதையே, தொற்று வந்திருக்குமோ என்ற நிலையில் இருப்பவர் 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து, நாளுக்கு ஒன்று வீதம் 28 நாள் விடாமல் சாப்பிட்டால், உள்ளே நுழைந்த வைரஸ் வேர் பிடிப்பதைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம். மருத்துவ உலகில் இதை 'பெப்' என்பார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் உத்தமம். 72 மணி என்பது கடைசி எல்லை. அதுவரை ஆற அமர யோசிக்கலாம் என்று கொடுத்த அவகாசம் இல்லை. ஒவ்வொரு மணி நேரம் தள்ளும்போதும் பலன் குறைகிறது.

ஏன் அப்படி? பிறப்புறுப்பின் உள்தோலையோ ஆசனவாயின் உள்தோலையோ தாண்டி நுழைகிற வைரஸ் அன்றைக்கே ரத்தத்தில் பரவிவிடுவதில்லை. முதலில் அந்த இடத்திலேயே சில செல்களைப் பிடிக்கும். அங்கிருந்து நெறிகட்டும் நிணநீர்க் கணுக்களுக்குப் போகும். சில நாள் கழித்துத்தான் ரத்தத்துக்கு வரும். அந்த இடைவெளியில்தான் மருந்து வேலை செய்தாக வேண்டும். 1998-ல் குரங்குகளிடம் நடத்திய ஒரு சோதனை இதைத் தெளிவாகக் காட்டியது. எச்.ஐ.வி.யின் பங்காளியான எஸ்.ஐ.வி. வைரஸைச் செலுத்தி, 24 மணி நேரத்துக்குள் டெனோபோவிரைத் தொடங்கி 28 நாள் கொடுத்தபோது குரங்குகள் தப்பின. தாமதமாகத் தொடங்கியபோதும், மூன்று நாளிலோ பத்து நாளிலோ நிறுத்தியபோதும் எல்லாக் குரங்குகளும் தப்பவில்லை. 'ரெண்டு மூணு மாத்திரை போட்டாப் போதுமா?' என்று உங்களிடம் கேட்கிறவர்களுக்கான பதில் அதில் இருக்கிறது.

மனிதர்களில் முதல் வலுவான சான்று, வேலையின்போது ஊசி குத்திக்கொண்ட மருத்துவப் பணியாளர்களிடமிருந்து 1997-ல் வந்தது. அப்போது கையில் இருந்தது ஜிடோவுடின் என்ற ஒற்றை மருந்து. அதை எடுத்துக்கொண்டவர்களுக்குத் தொற்றும் வாய்ப்பு 81 சதவீதம் குறைந்திருந்தது. இன்றைக்குள்ள மூன்று மருந்துக் கலவை அதைவிட வீரியமானது, உடம்புக்கும் அதைவிட இதமானது. என்றாலும் நூற்றுக்கு நூறு உத்தரவாதம் கிடையாது. நடுவில் விட்டுவிட்டவர்களுக்கும், 28 நாளுக்குள் மறுபடி அதே ஆபத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்கும் மருந்து கைகொடுக்காமல் போவது உண்டு.

வருகிற எல்லோருக்கும் இந்த மருந்து தேவையா என்றால், இல்லை. இந்தக் கணக்கு உங்களுக்கும் தெரிந்திருப்பது நல்லது, ஏனென்றால் அரைகுறையாகத் தெரிந்த பயம் ஆளை உருக்கிவிடுகிறது. எதிரில் இருந்தவருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது, அவர் மருந்து எடுக்கவில்லை, ஆணுறையும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அந்த நிலையிலும் ஒரு முறை உறவில் ஆணிடமிருந்து பெண்ணுக்குத் தொற்றும் வாய்ப்பு சராசரியாகப் பத்தாயிரத்துக்கு 8. பெண்ணிடமிருந்து ஆணுக்கு 4. ஆசனவாய் வழி உறவில் வாங்கிக்கொள்பவருக்கு 138, மற்றவருக்கு 11. வாய்வழி உறவில் மிக மிகக் குறைவு. முத்தம், கட்டிப்பிடித்தல், கையால் தொடுதல், ஒரே தட்டில் சாப்பிடுதல், கொசுக்கடி இவற்றால் பரவுவதே இல்லை. இந்தியாவில் வயது வந்தோரில் எச்.ஐ.வி. உள்ளவர்களே ஏறத்தாழ 0.2 சதவீதம்தான். ஆக, ஒரு தடவை தவறியவருக்கு 'நிச்சயம் வந்திருக்கும்' என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் 'பத்தாயிரத்துக்கு எட்டுதானே' என்று அசட்டையாக இருக்கவும் முடியாது. இவை சராசரிகள். இருவரில் ஒருவருக்குப் பால்வினைப் புண்ணோ சீழோ இருந்தால் வாய்ப்பு பல மடங்கு ஏறும். எதிரில் இருந்தவருக்கு அண்மையில்தான் தொற்றியிருந்தால் அவர் ரத்தத்தில் வைரஸ் உச்சத்தில் இருக்கும். அவருக்கே அது தெரிந்திருக்காது.

138 என்ற அந்த எண்ணை இன்னொரு முறை பாருங்கள். அந்த வரிசையில் இருப்பவர்களில் பலர் திருநங்கைகள், ஆணோடு உறவு கொள்ளும் ஆண்கள். எல்லாரையும்விட அதிக ஆபத்தில் இருப்பவர்கள் அவர்கள்; உங்கள் கவுன்ட்டரில் எல்லாரையும்விடக் குறைவாக வாய் திறப்பவர்களும் அவர்களே. ஒரு முறை கடையில் யாரோ சிரித்திருப்பார்கள். அதற்குப் பிறகு அவர்கள் அந்தத் தெருப் பக்கமே வந்திருக்க மாட்டார்கள். இதை நான் வருத்தத்தோடு சொல்கிறேன், குற்றம்சாட்டி அல்ல.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. உங்களில் சிலருடைய கடையில் மாதாமாதம் கூட்டு மருந்து வாங்குகிறவர்கள் இருப்பார்கள். அவர்களைப் பார்த்துப் பயப்படுகிற கடைக்காரர்களையும் நான் அறிவேன். ஒழுங்காக மருந்து சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கிவிட்ட ஒருவரிடமிருந்து உடலுறவு மூலம் எச்.ஐ.வி. தொற்றாது. இது ஆறுதலுக்குச் சொல்வதல்ல. கணவன் மனைவியில் ஒருவருக்கு மட்டும் தொற்று இருந்த தம்பதியரை வைத்துப் பல நாடுகளில் நடந்த, 2011-ல் முடிவு வெளியான பெரிய ஆய்வில் நம் சென்னையும் ஓர் இடம். சீக்கிரம் மருந்து தொடங்கியவர்களிடமிருந்து துணைவருக்குப் பரவுவது 96 சதவீதம் குறைந்தது. அதற்குப் பின் ஐரோப்பாவில் உறையில்லாத ஆயிரக்கணக்கான உறவுகளைக் கணக்கெடுத்த ஆய்வுகளில், வைரஸ் அடங்கியிருந்த துணையிடமிருந்து ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. பயப்பட வேண்டியது மருந்து சாப்பிடுகிறவரை அல்ல. தனக்கு இருப்பதே தெரியாமல் நடமாடுகிறவரிடமிருந்துதான் ஆபத்து.

சரி, அந்த ஞாயிற்றுக்கிழமை ஆளிடம் என்ன கேட்க வேண்டும்? ஒன்றே ஒன்று போதும்: "எப்ப நடந்துச்சு?" யாரோடு, எங்கே, ஏன் என்பதெல்லாம் வேண்டாம். அதைக் கேட்டால் ஆள் நழுவிவிடுவார். நேரத்தை மட்டும் கேட்டால், இது திட்டுவதற்கான கேள்வி இல்லை, உதவுவதற்கான கேள்வி என்று அவருக்கே புரியும். மூன்று நாளைக்குள் என்றால், "இதுக்கு என்கிட்ட மாத்திரை கிடையாது. பெரிய ஆஸ்பத்திரியில இருக்கு. இப்பவே போங்க, நாளைக்குப் போகலாம்னு இருக்காதீங்க" என்று சொல்லி அனுப்புங்கள். வேலை நாளென்றால் கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையம், ஞாயிறென்றால், ராத்திரி என்றால், அவசர சிகிச்சைப் பிரிவு. ஊசி குத்திக்கொண்ட நர்ஸுக்குக் கொடுப்பதற்காக அங்கே இந்த மருந்து வைத்திருப்பது வழக்கம்.

மறைக்காமல் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அரசுத் திட்டத்தில் இந்த மருந்து முதன்மையாகப் பணியிடத்தில் காயம்பட்டவர்களுக்கும் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கும் என்று வைக்கப்பட்டது. விருப்பப்பட்டு நடந்த உறவுக்குப் பின் வருகிறவருக்குக் கொடுப்பதா இல்லையா என்பது பணியில் இருக்கும் டாக்டரின் முடிவு. சில இடத்தில் உடனே கிடைக்கும். சில இடத்தில் அறிவுரைதான் கிடைக்கும். அறிவுரை கிடைத்தவர் துவண்டு வீடு திரும்பக் கூடாது. தனியார் பொது மருத்துவரோ பால்வினை நோய் மருத்துவரோ சீட்டு எழுதித் தரலாம். அந்தச் சீட்டோடு அவர் திரும்ப வருவது உங்கள் கடைக்குத்தான்.

சீட்டு இல்லாமல் கொடுங்கள் என்று நான் கேட்கவே மாட்டேன். சட்டத்துக்காக மட்டுமல்ல. டெனோபோவிர் சிறுநீரகம் பழுதானவருக்கு ஆகாது. முதலில் கிரியாட்டினின் பார்க்க வேண்டும். ஹெபடைட்டிஸ் பி இருப்பவர் இதைச் சாப்பிட்டுவிட்டு 28-ம் நாள் நிறுத்தினால் கல்லீரல் நோய் திடீரெனக் கிளம்பலாம். ஏற்கெனவே எச்.ஐ.வி. இருந்து தெரியாமல் இருந்தவருக்கு வேறு திட்டம் வேண்டும். அதனால்தான் மருந்து தொடங்கும் அன்றைக்கே ஒரு ரத்தப் பரிசோதனை. அதன் முடிவுக்காக முதல் மாத்திரையைத் தள்ளிப்போடத் தேவையில்லை.

சீட்டோடு வரும்போது உங்கள் படிப்புக்கு வேலை வருகிறது. டொலுடெக்ராவிருக்கு அலுமினியம், மெக்னீசியம், கால்சியம், இரும்பு ஆகாது. வயிற்றிலேயே கட்டிப்போட்டு ரத்தத்தில் ஏறவிடாமல் செய்துவிடும். பயத்தில் சாப்பிடாமல் கிடக்கிற ஆளுக்கு நெஞ்செரிச்சல் வரும்; நேராக வந்து ஜெலூசிலோ டைஜீனோ கேட்பார். டப்பா வாங்கிய அன்றே சொல்லிவிடுங்கள்: ஜெல் குடிப்பதென்றால் இந்த மாத்திரை போட்டு இரண்டு மணி நேரம் கழித்து, முதலில் ஜெல் குடித்துவிட்டால் ஆறு மணி நேரம் பொறுத்து மாத்திரை. பான்டோப்ரசோல் பிரச்சினை இல்லை. சர்க்கரைக்காரர் என்றால், டொலுடெக்ராவிர் மெட்ஃபார்மினின் அளவை ரத்தத்தில் கூட்டும். டாக்டரிடம் கேட்டு அளவைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவருக்கு ஒரு வேளை போதாது, டொலுடெக்ராவிர் இரண்டு வேளை வேண்டும். குமட்டல், தலைவலி, தூக்கமின்மை வந்தால் சில நாளில் அடங்கும், நிறுத்திவிட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். பத்தாம் நாள் வாக்கில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பயம் தணிந்ததும் மாத்திரை மறந்துபோகிறது. இவையெல்லாம் டாக்டர் அவசரத்தில் சொல்லாமல் விடுகிற விஷயங்கள்.

பெண்கள் உங்கள் கடைக்கு இதற்காக நேரில் வருவது அபூர்வம். வந்தால், விஷயம் வேறாக இருக்கக்கூடும் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவசரக் கருத்தடை மாத்திரை கேட்டு வருகிற பெண்ணுக்கு, அந்த மாத்திரை கர்ப்பத்தைத் தடுக்குமே தவிர எச்.ஐ.வி.யைத் தடுக்காது என்பது தெரிந்திருக்காது. வன்முறைக்கு ஆளானவர் என்று தோன்றினால், அரசோ தனியாரோ எந்த மருத்துவமனையும் அவருக்கு இலவசமாகச் சிகிச்சை தந்தாக வேண்டும் என்று சட்டம் இருப்பதையும், 181 என்ற பெண்கள் உதவி எண்ணையும் சொல்லுங்கள். அவருக்கும் அதே 72 மணி நேரம்தான். காவல் நிலையத்தில் உட்கார்ந்தே அதில் பாதி போய்விடுவதைப் பார்த்திருக்கிறேன்.

சிலர் உங்களிடம் வருவதற்குள் தாங்களாகவே வைத்தியம் பார்த்திருப்பார்கள். டெட்டால் போட்டுக் கழுவியிருப்பார்கள். அது உள்தோலைப் புண்ணாக்கும். வைரஸுக்கு வழி விடும். வெறும் தண்ணீரில் வெளிப்புறம் கழுவினால் போதும், உள்ளே பீய்ச்சிக் கழுவக் கூடாது. இன்னும் சிலர் மறுநாள் காலையே லேபுக்குப் போய் ரத்தம் கொடுத்து, 'நெகட்டிவ்' என்ற தாளை மடித்துப் பாக்கெட்டில் வைத்திருப்பார்கள். அந்தத் தாள் போன மாதங்களுக்கான பதில். நேற்று ராத்திரிக்கு அதில் பதில் இல்லை. லேபில் செய்யும் ஆன்டிஜன்-ஆன்டிபாடி பரிசோதனையில் தெரியவே 18 முதல் 45 நாள் ஆகும். விரல் நுனியில் ரத்தம் எடுத்துச் செய்யும் பரிசோதனைகளில் 90 நாள் வரைகூட ஆகலாம். பெப் சாப்பிட்டவருக்கு ஆறு வாரம், மூன்று மாதம், ஆறு மாதம் என்று திரும்பத் திரும்பப் பார்ப்போம். அதுவரை உறை. ஒரே ஒரு பரிசோதனையில் 'பாசிட்டிவ்' என்று வந்தாலும் முடிவு செய்வதில்லை. வெவ்வேறு வகையான மூன்று பரிசோதனைகளிலும் வந்தால்தான் சொல்வோம்.

அறிகுறியை வைத்துச் சோதிடம் பார்க்க வேண்டாம். இரண்டு முதல் நான்கு வாரத்தில் காய்ச்சல், தொண்டை வலி, தோல் தடிப்பு, நெறிகட்டு வருவது உண்டு, வராமலும் போகும். மறுநாளே வருகிற தொண்டை வலி எச்.ஐ.வி. அல்ல. இப்படி மறுநாள் தொண்டை வலிக்கு மாதக்கணக்கில் அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலருக்கு நடந்தது ஒரு முத்தம்தான்.

மூன்று நாள் தாண்டி வந்தவரையும் கைவிட வேண்டாம். அவருக்குப் பெப் இல்லை, பரிசோதனை இருக்கிறது. மேகநோய், வெட்டை நோய்க்கு அரசு மருத்துவமனைகளிலுள்ள சுகவாழ்வு மையத்தில் இலவசமாகப் பார்க்கிறார்கள். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போடாதவர் போட்டுக்கொள்ளலாம். அடிக்கடி இந்த நிலைக்கு வருகிறவர் என்றால் ஒவ்வொரு முறையும் பெப் தேடி ஓடுவதைவிட, முன்கூட்டியே தினமும் சாப்பிடும் 'பிரெப்' மாத்திரை பற்றி டாக்டரிடம் பேசச் சொல்லலாம். அதிலும் எச்.ஐ.வி.யிலிருந்துதான் பாதுகாப்பு, மற்ற பால்வினை நோய்களுக்கு உறைதான்.

உறை விஷயத்தில் உங்களிடம் ஒரு சின்னக் கோபம் எனக்கு உண்டு. வெயில் விழுகிற கண்ணாடிப் பெட்டியில் மாதக்கணக்கில் தொங்கவிட்டிருக்கிறீர்கள். ரப்பர் சூட்டில் நைந்துபோகும். தேங்காய் எண்ணெய் தடவினால் லேடெக்ஸ் உறை சீக்கிரம் கிழியும் என்பதையும் யாரும் சொல்வதில்லை. தண்ணீரில் கரையும் ஜெல் பக்கத்திலேயே இருக்கட்டும். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு போட்டால் பாதுகாப்பு கூடிவிடாது, உரசிக் கிழியும். கறுப்புக் கவரில் சுற்றிக் கொடுப்பதை நான் எதிர்க்கவில்லை. வாங்குகிறவருக்கு அது சௌகரியம் என்றால் இருக்கட்டும்.

1986-ல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் சென்னையில்தான் கண்டுபிடிக்கப்பட்டன. டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகள் வேலூரில் சோதிக்கப்பட்டன. அன்றைக்குக் கொடுக்க உலகில் ஒரு மாத்திரைகூட இல்லை. முதல் மருந்தே அடுத்த ஆண்டு அமெரிக்காவில்தான் அனுமதி பெற்றது. இன்று அதே மூன்று மருந்துக் கலவையைத் தயாரித்து ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றுக்கு அனுப்புவது இந்தியக் கம்பெனிகள். ஆனால் டாக்டர் சீட்டோடு ஒருவர் சனிக்கிழமை இரவு என் ஊரின் கடைகளில் ஏறி இறங்கினால், "ஸ்டாக் இல்ல சார், ஆர்டர் போட்டா ரெண்டு நாள்ல வரும்" என்கிறார்கள். இரண்டு நாள் அவரிடம் இல்லை.

அதனால் கேட்கிறேன். உங்கள் ஊர் மருந்து வணிகர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுங்கள். இரவு முழுக்கத் திறந்திருக்கும் கடை ஒன்றாவது இந்த மாத்திரை டப்பா ஒன்றை, முப்பது மாத்திரை உள்ளதை, எப்போதும் கையிருப்பில் வைக்கட்டும். விற்காமல் காலாவதியானால் அந்த நஷ்டத்தைச் சங்கம் பகிர்ந்துகொள்ளட்டும். எந்தக் கடையில் இருக்கிறது என்பது மற்ற எல்லாக் கடைக்கும் தெரிந்திருக்கட்டும். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் 1097 என்ற எண்ணை எழுதி ஒட்டுங்கள். அது தேசிய எய்ட்ஸ் உதவி எண், கட்டணமில்லாதது. வருகிறவரின் பெயரையோ அவர் கேட்டதையோ பக்கத்துக் கடையில் சொல்லாதீர்கள். அடுத்த ஞாயிறு காலை அவர் வந்து நிற்கும்போது, "எப்ப நடந்துச்சு?" என்று மட்டும் கேட்டு, உடனே அனுப்பி வையுங்கள்.

அன்புடன்,
நம்பிக்கை மைய ஆலோசகர் ஒருவர்